சிறு நகரத்துக்கு ஒரு சமூக அருங்காட்சியகம்: கட்டடம் தேடும் முன் செய்ய வேண்டிய வேலைகள்

பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஊரில் அக்கறை உள்ள ஐந்தாறு பேர் கூடி, நமக்கென்று ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். மறுவாரமே இடம் பார்க்கிறார்கள், சில மாதங்களில் திறப்பு விழாவும் நடந்துவிடுகிறது. அதன் பிறகு பொருள்கள் வந்து குவிகின்றன. எது யார் கொடுத்தது, கொடையா இரவலா என்று எழுதி வைக்க ஆளில்லை. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அந்த இடம் பூட்டிக் கிடக்கும் சாமான் அறையாகிவிடுகிறது.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்புகிறது: முதலில் நோக்கம், பிறகு பத்திரங்கள், அதற்குப் பிறகு பொருள்கள், கடைசியில் காட்சி. புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வரிசையைக் குலைக்காமல் பின்பற்றினால் பெரிய இழப்புகள் பலவற்றைத் தவிர்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தலைநகரத்துப் பெரிய அருங்காட்சியகத்தோடு நீங்கள் போட்டி போடவில்லை. அங்கே ஒரு தையல் எந்திரம் ஒரு வகைக்கு மாதிரி. உங்களிடம் இருப்பது இன்ன தெருவில் இன்னார் முப்பது வருடம் மிதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய எந்திரம். அந்த மனிதரோ அவர் மகளோ நடந்து வந்து அதைப் பற்றிப் பேசும் தூரத்தில் இருக்கிறார். உங்கள் செல்வம் இதுதான். பொருளும் அதன் கதையும் பிரிந்துவிட்டால் பிறகு சேர்க்க முடியாது.

1. ஒரு பக்க நோக்கக் குறிப்பு எழுதுங்கள்

கால அளவு: மூன்று நான்கு கூட்டங்கள், ஏறத்தாழ இரண்டு மாதம். செலவு: ஒன்றுமில்லை.

சர்வதேச அருங்காட்சியகப் பேரவையான ஐகாம், 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் ஏற்றுக்கொண்ட வரையறையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லாப நோக்கமற்ற, நிலையான, சமூகத்துக்குப் பணி செய்யும் நிறுவனம். மரபை ஆய்ந்து, சேகரித்து, காத்து, விளக்கி, காட்சிக்கு வைப்பது. எல்லோருக்கும் திறந்திருப்பது, எல்லோரையும் உள்ளடக்குவது, மக்களின் பங்கேற்போடு இயங்குவது என்பது அதன் சாரம். அதை அப்படியே பகர்த்து எழுதாதீர்கள். ஒவ்வொரு சொல்லையும் பின்னால் சரிபார்க்கக்கூடிய ஒரு வாக்கியமாக மாற்றுங்கள்.

"எல்லோரையும் உள்ளடக்குவோம்" என்று எழுதுவதால் பயனில்லை. "எந்த மக்களைப் பற்றிய காட்சியோ, அந்த மக்களில் குறைந்தது இரண்டு பேர் விளக்கக் குறிப்புகளைப் படித்து ஒப்புக்கொண்ட பிறகே அது திறக்கப்படும்" என்று எழுதுங்கள். ஓராண்டு கழித்து அதைச் செய்தீர்களா இல்லையா என்று யாரும் கேட்கலாம், உங்களாலும் பதில் சொல்ல முடியும். குறிப்பில் இருக்க வேண்டியவை நான்கு: எந்த எல்லைக்குட்பட்ட ஊர், எந்தக் காலம், யாருக்காக, எதையெல்லாம் செய்யமாட்டோம். நான்காவதுதான் பிறகு அதிகம் கைகொடுக்கும்.

அடுத்து ஒரு தாளில் உங்கள் ஊரின் தெருக்கள், தொழில்கள், மொழிகள், குடிபெயர்ந்து வந்தவர்கள், வழிபாட்டுக் குழுக்கள் ஆகிய எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். எதிரே, அவரவர் வாழ்வைச் சொல்லும் பொருள் எத்தனை கிடைக்கும் என்று குறியுங்கள். சுழியம் விழும் வரிகள் எவையோ, அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது.

பொறி: முதலில் தேடி வருபவர்கள் வசதியான குடும்பத்தினர். அவர்கள் வீட்டில்தான் பழைய பொருள் உடையாமல் இருக்கும், படங்களுக்குச் சட்டம் போட்டிருக்கும். உழைத்துப் பிழைத்தவர்கள் வைத்திருந்தது கொஞ்சம், அதுவும் தேயும்வரை பயன்பட்டுத் தீர்ந்திருக்கும். வருவதை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் ஊர் அருங்காட்சியகம் நாலைந்து குடும்பங்களின் வரவேற்பறை ஆகிவிடும். தேய்ந்த கருவி, கூலிச் சீட்டு, ஒட்டுப்போட்ட துணி ஆகியவற்றை நீங்கள்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

2. சட்ட உருவமும் பணமும்

கால அளவு: ஒன்று முதல் ஆறு மாதம் வரை ஒதுக்குங்கள், நாட்டுக்கு நாடு மாறும்.

அறக்கட்டளையா, சங்கமா, லாப நோக்கற்ற நிறுவனமா என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எந்த உருவமானாலும் விதிமுறைப் பத்திரத்தில் இந்த நான்கு விதிகள் இருக்கட்டும்:

அ. பொருள்கள் அமைப்புக்குச் சொந்தம், எந்த உறுப்பினருக்கும் அல்ல.
ஆ. அன்றாடச் செலவுக்காகச் சேகரிப்பை விற்கக் கூடாது. ஏதேனும் பொருளை முறைப்படி நீக்கிப் பணம் வந்தால், அது சேகரிப்புக்கே திரும்ப வேண்டும்.
இ. அமைப்பு கலைந்தால் பொருள்கள் வேறொரு பொது அருங்காட்சியகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ போக வேண்டும்.
ஈ. நிர்வாகக் குழுவினர் அதே வகைப் பொருள்களை வாங்கி விற்கக் கூடாது. சொந்தமாகச் சேகரிப்பவர் அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது விதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கலைந்துபோகப் போகிறோம் என்று தொடங்கும்போது யார் நினைப்பார்கள்? ஆனால் கொடுப்பவருக்கு நீங்கள் தரும் உண்மையான உத்தரவாதம் இந்த ஒரு வரிதான்.

பொறி: தொடங்குபவர் தன் சொந்தச் சேகரிப்பைக் கொண்டுவந்து வைப்பார், எதுவும் எழுதமாட்டார். அவர் காலத்துக்குப் பின் வாரிசுகள் வண்டியோடு வந்து நிற்பார்கள். எது கொடை, எது இரவல் என்பது முதல் நாளே பட்டியலாகிக் கையெழுத்தாக வேண்டும்.

பணத்தில் ஒருமுறைச் செலவையும் தொடர் செலவையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். காட்சிப் பெட்டிக்கும் பெயர்ப்பலகைக்கும் பணம் தர ஆள் கிடைப்பார்கள். மின் கட்டணம், காப்பீடு, பூச்சிக் கண்காணிப்பு, பகுதிநேர ஊழியர் ஒருவர், பொதியும் பொருள்கள், கணினிச் சேமிப்பு ஆகியவற்றுக்கு எளிதில் கிடைக்கமாட்டார்கள். இரண்டு ஆண்டுத் தொடர் செலவு கையில் சேராமல் கதவைத் திறக்காதீர்கள். காட்சிக்கு ஒதுக்கும் அளவு தொகையைச் சேமிப்பறைக்கும் ஒதுக்குங்கள். பொருள்களில் பெரும்பகுதி எப்போதும் சேமிப்பறையில்தான் இருக்கும்.

3. எதை ஏற்பது, எதை மறுப்பது

ஏற்கும் முன் ஐந்து கேள்விகள்: நோக்கக் குறிப்புக்குள் வருகிறதா? இதைப் போல ஏற்கெனவே இருக்கிறதா? கொடுப்பவருக்குக் கொடுக்கும் உரிமை உண்டா? பத்திரமாக வைக்க இடம் இருக்கிறதா? கதை தெரிந்த ஆள் இருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், ஒத்த பொருள் ஏற்கெனவே இருந்தாலும் யோசிக்கலாம்.

நிபந்தனையோடு வருவதை ஏற்காதீர்கள். "எப்போதும் காட்சியிலேயே இருக்க வேண்டும்", "எல்லாம் சேர்த்து ஒரே அறையில் வைக்க வேண்டும்" என்பவை அன்பால் கேட்கப்படுபவைதாம். ஆனால் எப்போதும் வெளிச்சத்தில் இருக்கும் துணி சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். அந்த அன்புக்கே அது துரோகம். அதை அப்படியே எடுத்துச் சொல்லுங்கள், பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

சட்டத்தாலோ ஆபத்தாலோ தொடக்கூடாத வகைகள் சில உண்டு. துப்பாக்கிகள், பெயர்ச்சீட்டு ஒட்டாத மருந்துப் புட்டிகள், பாதரசம் உள்ள கருவிகள், இருட்டில் ஒளிரும் ரேடியப் பூச்சுள்ள பழைய கடிகாரங்கள், ஆர்சனிக் பூசப்பட்டிருக்கக்கூடிய பாடம்செய்த பழைய விலங்குகள், எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் படச்சுருள்கள் ஆகியவற்றை வல்லுநரைக் கேட்காமல் உள்ளே விடாதீர்கள். மண்ணில் தோண்டி எடுத்தவை, வழிபாட்டிடங்களிலிருந்து வந்தவை, வரலாறு சொல்ல முடியாத சிலைகள் ஆகியவற்றை வாங்கவே வாங்காதீர்கள். பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலுக்கு எதிரான 1970 யுனெஸ்கோ உடன்படிக்கையும் உங்கள் நாட்டுத் தொல்பொருள் சட்டமும் இதில் கண்டிப்பானவை.

மறுக்கும்போது வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். பொருளைப் படமெடுத்து, அதன் கதையைப் பதிவுசெய்து, பொருளை வீட்டுக்கே திருப்பிக் கொடுங்கள். ஊருக்கு வேண்டியது பல நேரம் அந்தக் கதைதான்.

4. பத்திரங்கள்: இங்கே ஒரு படியையும் தாண்டாதீர்கள்

வரவுச் சீட்டு. வாசலைத் தாண்டி எந்தப் பொருள் வந்தாலும், ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வந்தாலும், இரண்டு பிரதி எழுத வேண்டும். தேதி, கொடுப்பவர் பெயர், தொடர்பு, பொருளின் சுருக்க விவரம், அதன் நிலை, எதற்காக வந்தது, எப்போது திரும்பும் என்பவை இருந்தால் போதும். ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு. இந்தச் சீட்டு உரிமையை மாற்றாது. அலமாரிமேல் வைத்துவிட்டுப் போனவர் யார் என்று பின்னால் தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் காக்கும்.

கொடைப் பத்திரம். கொடுக்கும் உரிமை தனக்கு உண்டு, நிபந்தனையின்றி உரிமையை மாற்றுகிறேன் என்று கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும். பெற்றோர் விட்டுப்போன பொருளானால் உடன்பிறந்தவர்கள் எல்லோரும் கையெழுத்திடட்டும். அண்ணன் மனமாரக் கொடுத்ததைத் தங்கை ஐந்து வருடம் கழித்துத் திரும்பக் கேட்பது இந்த வேலையில் மிகச் சாதாரணம். புகைப்படம், கடிதம், ஓவியம் என்றால் பதிப்புரிமைக்குத் தனி வரி வேண்டும். படத்தின் அச்சுப்பிரதி உங்களிடம் இருப்பதால் அதை வெளியிடும் உரிமையும் வந்துவிடாது. பொதுவாக அது எடுத்தவரிடமோ அவர் வாரிசுகளிடமோ இருக்கும்.

சேர்க்கைப் பதிவேடு. பக்க எண் அச்சிட்ட, தைத்துக் கட்டிய தடித்த நோட்டு. அழியாத மையால் எழுதுங்கள். தவறானால் ஒரே கோடு போட்டு அடித்துக் கையெழுத்திடுங்கள். கிழிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது. கணினிப் பட்டியல் தேடுவதற்கு வசதி, ஆனால் இதற்கு ஈடாகாது. பதிவேட்டின் பிரதி ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

எண். ஆண்டு, அந்த ஆண்டின் எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது பொருள். 2025.14.3 என்றால் 2025-இல் பதினான்காவதாக வந்த வரவின் மூன்றாவது பொருள். துணிக்கு ஒரு எழுத்து, பாத்திரத்துக்கு ஒரு எழுத்து என்று வகை பிரித்து எண் போடாதீர்கள். இரண்டு வகையிலும் சேரும் பொருள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். நீக்கிய பொருளின் எண்ணை இன்னொன்றுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

எண் இடும் முறை. தாள், புகைப்படம் என்றால் பின்பக்க ஓரத்தில் மென்மையான 2பி பென்சில். துணி என்றால் பருத்தி நாடாவில் எண்ணை எழுதி நாலு தையல் போட்டு ஓரத்தில் பொருத்துவது. உலோகத்துக்கும் மெருகிட்ட பீங்கானுக்கும் அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற நிறமற்ற அக்ரிலிக் பிசின் ஒரு பூச்சு, காய்ந்த பிறகு நிறமி மையால் எண், அதன் மேல் இன்னொரு பூச்சு. பிளாஸ்டிக்கிலும் வண்ணம் பூசிய பரப்பிலும் இதைச் செய்யாதீர்கள், அசிட்டோன் கரைத்துவிடும். நூல் கட்டிய அட்டை போதும். செல்லோடேப், ஸ்டேப்லர் பின், நகப்பூச்சு, பால்பாயின்ட் பேனா நான்கும் சேமிப்பறைக்குள் வரக்கூடாது.

கதை. வாங்கும் அன்றே ஆறு கேள்விகள் கேட்டு எழுதுங்கள்: யார் செய்தது, யார் பயன்படுத்தியது, எங்கே, எந்த ஆண்டுகளில், எப்போது நின்றது, நின்ற பிறகும் ஏன் வைத்திருந்தீர்கள். ஆறாவது கேள்விக்குத்தான் மனிதர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

இரவல். முடிவுத் தேதி இல்லாத இரவலை எடுக்காதீர்கள். ஓராண்டு, வேண்டுமானால் புதுப்பிக்கலாம். "நிரந்தர இரவல்" என்ற சொல் எங்கும் வரக்கூடாது. பராமரிக்கும் பொறுப்பு முழுதும் உங்களிடம், உரிமை முழுதும் அவரிடம் என்ற சிக்கலுக்கு அது வேறு பெயர்.

நேரக் கணக்கையும் பாருங்கள். ஒரு பொருளுக்கு இந்த வேலை முழுதும் முடிய அரை மணி முதல் ஒரு மணி வரை ஒதுக்குங்கள். 500 பொருள் என்றால் 250 முதல் 500 மணி நேரம். இரண்டு பேர் வாரம் ஒரு நாள் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் 25 முதல் 50 வாரம். மாதம் எத்தனை பதிய முடியுமோ அத்தனை மட்டும் வாங்குங்கள். மற்றவர்களிடம், அடுத்த பருவத்தில் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று தேதி சொல்லுங்கள்.

5. பொருளைக் கெடுப்பவை

வெளிச்சம். தாள், துணி, நீர்வண்ண ஓவியம், பழைய புகைப்படம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (பொருள்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு); எண்ணெய் ஓவியத்துக்கும் வண்ணம் பூசாத மரத்துக்கும் 200 லக்ஸ் வரை. கெடுதல் சேர்ந்துகொண்டே போகும். 100 லக்ஸில் ஐந்து மணி நேரமும் 50 லக்ஸில் பத்து மணி நேரமும் ஒன்றுதான். நேர் வெயில் எந்தப் பொருள்மேலும் விழக்கூடாது. துணியையும் தாளையும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி வையுங்கள்.

ஈரப்பதம். தொடர்ந்து 65 சதவீதத்துக்கு மேல் போனால் பூஞ்சணம் பிடிக்கும் அபாயம் தொடங்குகிறது. மரத்தையும் தந்தத்தையும் கெடுப்பது, அளவைவிட அதன் ஏற்ற இறக்கம். பகலில் குளிர்சாதனம் போட்டு இரவில் நிறுத்துவதைவிடப் போடாமலே இருப்பது மேல். காற்றோட்டம், ஒழுகாத கூரை, சுவரைவிட்டுத் தள்ளிய அலமாரி, தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் முதல் தட்டு ஆகியவை மலிவான, உறுதியான காப்பு.

பூச்சி. புதிதாக வந்த துணி, புத்தகம், மரப்பொருள் எதையும் நேரே சேமிப்பறைக்குக் கொண்டுபோகாதீர்கள். பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, தனி அறையில் மூன்று நான்கு வாரம் வையுங்கள். மரத்தூள், புழுக்கூடு, புதிய துளை தெரிகிறதா என்று பாருங்கள். இராமபாணம், அந்துப்பூச்சி, வண்டு ஏதாவது இருந்தால், அதே பையோடு மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகு முழுதாக ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள். இல்லையென்றால் நீர்த்துளி பொருள்மேல் படியும். வண்ணம் தீட்டியவை, கண்ணாடித் தகட்டுப் படங்கள், தந்தம், பல பொருள் பதித்துச் செய்தவை இவற்றை உறைய வைக்காதீர்கள். பூச்சிமருந்தைப் பொருள்மேல் தெளிப்பதும் அந்துருண்டை போடுவதும் வேண்டாம். அந்துருண்டையின் ஆவி மனிதருக்கும் கெடுதல், சில பிளாஸ்டிக்குகளையும் இளக்கிவிடும்.

பொதிவதற்கு அமிலமற்ற தாள், வெளுக்காத பருத்தித் துணியைத் துவைத்துக் காயவைத்தது, பாலித்தீன் அல்லது பாலியெஸ்டர் உறை. செய்தித்தாள், ரப்பர் பேண்ட், பிவிசி உறை, எம்டிஎஃப் (மரநாரைப் பசையிட்டு அழுத்திய) பலகை வேண்டாம். ஆவணங்களை லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்யப்படும் மிகப் பெரிய அழிவு அது. சூட்டையும் பசையையும் ஏற்றிய தாளைப் பிறகு மீட்பது அநேகமாக முடியாது.

6. வாய்மொழிப் பதிவு

முதலில் வயதில் மூத்தவர்கள், பிறகு உடல்நலம் குன்றியவர்கள், அப்புறம் மற்றவர்கள். இந்த வரிசையில் தயக்கம் வேண்டாம்.

ஒப்புதல் படிவத்தில் மூன்று நிலை வைத்துக்கொள்ளுங்கள்: எல்லோரும் கேட்கலாம், ஆய்வாளர் மட்டும் கேட்கலாம், இன்ன ஆண்டுவரை மூடி வைக்கலாம். பதிவு முடிந்த பிறகு கையெழுத்து வாங்குங்கள். என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும். மனம் மாறினால் திரும்பப் பெறவும் இடம் இருக்கட்டும்.

ஒலியை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறு மணி நேரமாவது ஒதுக்குங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு கட்டடத்தில். படங்களை ஸ்கேன் செய்தால் 600 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 படப்புள்ளி), டிஃப் (TIFF) கோப்பு. கோப்பின் பெயரில் சேர்க்கை எண் இருக்க வேண்டும்.

7. காட்சி

ஒரு பொருளுக்கான குறிப்பு 50 முதல் 75 சொல்லுக்குள். முதல் வாக்கியத்தில் மனிதர் வரட்டும், பொருளின் நீள அகலம் கடைசியில். எழுத்தின் அளவு குறைந்தது 18 புள்ளி (பாயின்ட்), முடிந்தால் 24. சுவரில் மாட்டும் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர். சக்கர நாற்காலி போக 90 சென்டிமீட்டர் வழி, திரும்ப 150 சென்டிமீட்டர் வட்டம்.

குழந்தைகள் தொட்டுப் பார்க்கத் தனியாகச் சில பொருள்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். தேய்வதற்கென்றே வாங்கியவை அவை.

ஊரின் கசப்பான நினைவுகளை விட்டுவிட்டுக் காட்சி அமைத்தால், அதை அனுபவித்தவர்கள் பார்த்துவிட்டுத் திரும்ப வரமாட்டார்கள். சண்டை, வெளியேற்றம், மூடப்பட்ட ஆலை, தீண்டாமல் ஒதுக்கப்பட்ட தெரு எதுவானாலும் பாதிக்கப்பட்டவரின் சொல்லிலேயே, அவர் ஒப்புதலோடு வையுங்கள். ஒரே நிகழ்வை இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் பெயரோடு அருகருகே போடுங்கள். தீர்ப்பு எழுதுவது உங்கள் வேலை அல்ல.

8. கதவு திறந்த பிறகு

வாரம் இரண்டு நாள்தான் முடியும் என்றால் இரண்டு நாளே அறிவியுங்கள், ஆனால் அந்த நாளில் பூட்டியிருக்கக் கூடாது. வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய ஒரு மாலையாவது அதில் இருக்கட்டும்.

சாவி மூன்று பேரிடம், கணினிக் கடவுச்சொல் மூடிய உறையில் இன்னொருவரிடம். தீ, வெள்ளம் வந்தால் முதலில் எடுக்க வேண்டிய பத்துப் பொருளின் பட்டியலும் அவை இருக்கும் தட்டின் எண்ணும் கதவருகே உட்பக்கம் தொங்கட்டும்; பட்டியலில் முதலிடம் பதிவேட்டுக்கு. நனைந்த தாளில் 48 மணி நேரத்தில் பூஞ்சணம் தொடங்கிவிடும். அதற்குள் உலர்த்த முடியாத அளவு இருந்தால் பையிலிட்டு உறையவைத்துக் காலம் வாங்குங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. பதிவேட்டிலிருந்து கண்ணை மூடி 25 எண்களைத் தேர்ந்து அலமாரியில் தேடுங்கள். பிறகு அலமாரியிலிருந்து 25 பொருளை எடுத்துப் பதிவேட்டில் தேடுங்கள். இரண்டாவதுதான் முக்கியம், எண்ணில்லாமல் உள்ளே வந்தவை அதில் அகப்படும். ஐம்பதில் மூன்றுக்கு மேல் தவறினால் புதிய வரவை நிறுத்திவிட்டு, முழுச் சேகரிப்பையும் தட்டுத் தட்டாகச் சரிபார்க்கத் தொடங்குங்கள்.